பயணிகள் எண்ணிக்கை

பயணிகள் எண்ணிக்கை என்ற கட்டத்தில் அவன் ஒன்று என்று அடித்தான். அது இரண்டு என்று மாறிக்கொண்டது.

விரல் தவறிப் பட்டிருக்கும் என்று அழித்துவிட்டு மறுபடி ஒன்று அடித்தான். கர்சர் ஒருமுறை கண் சிமிட்டியது. இரண்டு. மூன்றாம் முறை அடித்ததும் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தான். யாரோ நிதானமாகத் திருத்துவது போல ஒன்று மறைந்தது, ஒரு நொடி கட்டம் காலியாக இருந்தது, பிறகு இரண்டு வந்து உட்கார்ந்தது.

"சரி, ரெண்டாவே இருந்துட்டுப் போ," என்றான் கம்ப்யூட்டரிடம்.

அவன் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருடமாக ஊரிலுள்ள மாடிக் கட்டடங்களின் தொண்டைக்குழிக்குள் இறங்கி ஏறுகிறவன். காலை ஆறு மணிக்கு வேலைக்குப் போனால் இரண்டு மணிக்கு வீடு திரும்புவான். அதுவரை அப்பாவைப் பார்த்துக்கொள்ளும் நர்சம்மா, அவன் செருப்பைக் கழற்றும்போதே தன் செருப்பை மாட்டிக்கொண்டு நிற்பார். அதன் பிறகு இரவு எட்டு மணிக்கு அக்கா போன் செய்யும்வரை வீட்டில் அவனும் அப்பாவும் மட்டும்தான். அப்பா முப்பது வருடம் சிமெண்ட் ஆலையில் மூட்டை கட்டும் பிரிவில் இருந்தவர். விழுங்கிய தூசியெல்லாம் நெஞ்சுக்குள் சுவர் எழுப்பிவிட்டதாக டாக்டர் சொன்னார். பின் அறைக் கட்டிலில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் வாடகைக்கு எடுத்த ஆக்ஸிஜன் மெஷின் நாள் முழுக்க ஒரே சுருதியில் முனகி, ஏழு நொடிக்கு ஒருமுறை புஸ் என்று பெருமூச்சு விடும்.

முன் அறை மூலையில் அவனுடைய கம்ப்யூட்டர். அதில் அவன் விண்கலம் ஓட்டுவான். சுட்டுத் தள்ளுகிற விளையாட்டு அல்ல. எரிபொருள் கணக்கு, சுற்றுப்பாதைக் கோணம், ஒரு டிகிரி பிசகினால் நிலாவைத் தவறவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிற நிஜமான ஓட்டம். அந்த சிமுலேட்டர் வெறும் எலும்புக்கூடாகத்தான் வரும். சதையும் தோலும் உலகெங்குமுள்ள ஆர்வக்கோளாறுகள் சும்மா செய்து போடும் ஆட்-ஆன்கள். அவன் நாற்பத்துமூன்று போட்டிருந்தான். கலத்தின் உட்புறம் ஒன்று, இன்ஜின் சத்தம் ஒன்று, நிலாவின் பள்ளங்கள் ஒன்று. ஒவ்வொன்றையும் போடுவதற்கு முன் முழு ஃபோல்டரையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுத்துவைப்பான். பிரேக்கைச் சோதிக்காமல் லிஃப்ட் கூரைமேல் கால் வைக்காதவனின் பழக்கம் அது.

அன்று போட்டது நாற்பத்து நான்காவது. கலத்துக்குள் இருக்கும் காற்றைக் கணக்குப் பார்க்கிற ஆட்-ஆன். இறக்கிய பக்கத்தில் செய்தவர் பெயர் இல்லை, யாரும் ஒரு வார்த்தை பாராட்டியோ திட்டியோ எழுதியிருக்கவில்லை. ஒரே ஒரு வரிதான்: உள்ளே காற்று உண்மையாக இருக்கும். கூடவே வந்த குறிப்பில் வழக்கமான விஷயங்கள். பழைய கோப்புகள் மேலேயே எழுதவும். பட்டியலில் கடைசியாக ஏற்றவும். பயணத்தின் நடுவில் நீக்க வேண்டாம்.

கிளம்பினான். நிலாவைச் சுற்றும் நிலையத்துக்குப் போய்த் திரும்ப ஆறு நாள். காலத்தை வேகமாக ஓட்டுகிற பொத்தான் இருந்தாலும் அவன் அதைத் தொடுவதில்லை. வேலைக்குப் போகும்போதும் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டே இருக்கும், கலம் இருட்டில் போய்க்கொண்டே இருக்கும். அந்த நினைப்பே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

ஹெட்போனை மாட்டியதும் அசந்துபோனான். காற்று இவ்வளவு அழகாகக் கேட்கும் என்று அவன் எதிர்பார்க்கவில்லை. எங்கோ ஒரு விசிறி, தகட்டுக்குப் பின்னால் ஓடும் மெல்லிய சீறல், அதற்கடியில் சீராக ஒரு மூச்சு. அவன் மூச்சை இழுத்தபோது அதுவும் இழுத்தது. மைக் வழியாக எடுத்துக்கொள்கிறது போல என்று நினைத்துக்கொண்டான். பிறகு அந்த மூச்சுக்குப் பின்னால், தள்ளி, இடது பக்கத்தில், இன்னொன்று கேட்டது. இழுக்கும்போது விசில், விடும்போது சளி. நடுவில் ஒரு தயக்கம். பிறகு மறுபடி விசில்.

ஹெட்போனைக் கழற்றினான். திறந்திருந்த கதவு வழியாக, தள்ளி, இடது பக்கத்தில் அப்பா மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். விசில், தயக்கம், சளி.

"எங்கடா போயிட்டிருக்க?" என்றார் அப்பா உள்ளிருந்து.

"நிலாவுக்குப்பா."

"வரும்போது கொஞ்சம் காத்து வாங்கிட்டு வா."

"அங்க அதுதாம்பா இல்ல."

"அப்ப என்ன மாதிரிதான்னு சொல்லு," என்று சிரிக்கப் போய் அப்பா இருமலில் மாட்டிக்கொண்டார். அவன் ஓடிப்போய் முதுகைத் தடவிக்கொடுத்தான். எலும்பெல்லாம் விரலில் தட்டுப்பட்டது.

மறுநாள் மதியம் சேமித்த கோப்பைத் திறந்து பார்த்தான். அந்த சிமுலேட்டர் பயணத்தின் நிலையை வெறும் எழுத்தாக எழுதிவைக்கும். எந்தக் கலம், எங்கே, எவ்வளவு வேகம் என்று வரி வரியாக இருக்கும். இப்போது அடியில் புதிதாகச் சில வரிகள் சேர்ந்திருந்தன.

பயணி ஒன்று. எடை 71. பின்னால் 0, இடது 0, மேலே 0.

பயணி இரண்டு. எடை 43. பின்னால் 4.10, இடது 1.30, மேலே 0.

எழுபத்தொன்று அவனுடைய எடை. நாற்பத்துமூன்று, போன வாரம் நர்சம்மா அப்பாவைத் தாங்கிப் பிடித்து எடை மெஷினில் நிறுத்தியபோது வந்த எண். அதைக் கேட்டுவிட்டு அவன் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றிருந்தான்.

பெல்ட்டில் எப்போதும் தொங்கும் இரும்பு டேப்பை உருவினான். நாற்காலியின் முதுகிலிருந்து நேர் பின்னால் வாசல் வழியாகப் பின் அறைக்குள் இழுத்துக்கொண்டு போனான். கட்டிலின் தலைமாட்டுக்கு நேராக நான்கு மீட்டர் பத்து. அங்கிருந்து தலையணைவரை பக்கவாட்டில் ஒன்று முப்பது.

"என்னத்த அளக்குற? சவப்பெட்டிக்கா?" என்றார் அப்பா கண்ணைத் திறக்காமல்.

"வாயக் கழுவுங்கப்பா. கட்டில் மாத்தலாமான்னு பாத்தேன்."

டேப் சர்ரென்று சுருண்டு பெட்டிக்குள் புகுந்தபோது அவன் கைரோமம் சிலிர்த்து நின்றது. ஆனாலும் மனிதன் காரணம் கண்டுபிடிக்கிறதில் கெட்டிக்காரன். மருந்துக் கணக்கு எழுதும் கோப்பில் எடையெல்லாம் இதே கம்ப்யூட்டரில்தான் இருந்தது, இரண்டு மைக் இருந்தால் சத்தத்தை வைத்துத் தூரம் கண்டுபிடிக்கலாம், எவனோ படுபுத்திசாலி செய்திருக்கிறான். அப்படித்தான் தன்னைத் தேற்றிக்கொண்டான். அவனுடைய கம்ப்யூட்டரில் இருந்தது ஒரே ஒரு மைக் என்பதை அவன் யோசிக்க விரும்பவில்லை.

வியாழக்கிழமை மூன்று என்று காட்டியது.

அப்போதுதான் வேலையிலிருந்து வந்து, கையில் கிரீஸ் நாற்றம்கூடப் போகாமல் திரையின் முன் குனிந்திருந்தான். பயணிகள்: மூன்று. காற்றுத் தொட்டியின் அளவு, இருக்க வேண்டியதைவிட வெகு கீழே இருந்தது. கோப்பைத் திறந்தான்.

பயணி மூன்று. எடை 0. பின்னால் 4.10, இடது 1.30, மேலே 1.90.

எடை இல்லாத ஆளை அவன் தொழிலில் பார்த்ததில்லை. லிஃப்டுக்குள் யார் ஏறினாலும் தரை அரை மில்லிமீட்டராவது அமுங்கும்; அமுங்காவிட்டால் அங்கே யாரும் இல்லை. அவனுக்குத் தெரிந்த உலகத்தின் சட்டம் அவ்வளவுதான். ஆனால் அந்த எடையில்லாதது குடிக்கிற காற்றின் அளவு பக்கத்திலேயே எழுதியிருந்தது. அது அவனும் அப்பாவும் சேர்ந்து குடிப்பதைப் போல இரண்டு மடங்கு.

பின்னால் நாலு பத்து. இடது ஒன்று முப்பது. அப்பாவின் தலையணை. அதற்கு மேலே ஒன்று தொண்ணூறு.

எழுந்து போய் வாசலில் நின்றான். ஜன்னலில் மதிய வெயில் மங்கலாக விழுந்திருந்தது. வெளியே தெருவில் யாரோ இரும்பு ஷட்டரை இழுத்து மூடினார்கள். அறையில் மருந்து வாசனை, பழைய போர்வை வாசனை, அதற்கடியில் ஈரமான சுண்ணாம்பு போல ஏதோ ஒன்று. மெதுவாகத் தலையை உயர்த்திக் கூரையைப் பார்த்தான். வெள்ளைப் பூச்சு. ஓடாத ஃபேன். ஒன்றுமில்லை.

"டேய்," என்றார் அப்பா. அவர் கண் திறந்திருந்தது. ஆனால் வாசல் பக்கம் பார்க்கவில்லை, நேர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார். "எதுக்குடா மேல ஏறிப் படுத்துக்கிட்டு என்னையே பாக்குற? விழுந்து தொலைக்கப் போற. கீழ வா."

"அப்பா... நான் இங்க இருக்கேன். வாசல்ல."

அப்பா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தார். பிறகு மறுபடி மேலே பார்த்தார். உதட்டை நனைத்துக்கொண்டார். போர்வையை இரண்டு கையாலும் பிடித்துத் தாடைவரை இழுத்துக்கொண்டார்.

அன்றே அந்தச் சனியனைத் தூக்கி எறிந்துவிடுவது என்று முடிவு செய்தான். பட்டியலில் டிக்கை எடுத்தான். கோப்புகளை அழித்தான். சிமுலேட்டரைத் திறந்தால் கலம் அதே இருட்டில் போய்க்கொண்டிருந்தது, மூலையில் மூன்று என்று இருந்தது. முழு ஃபோல்டரையும் அழித்துவிட்டு, பத்திரமாக எடுத்துவைத்திருந்த காப்பியை வேறு டிஸ்க்கிலிருந்து கொண்டுவந்து போட்டான். திங்கட்கிழமை, இதைத் தொடுவதற்கு முன்னாலேயே எடுத்த காப்பி.

அதற்குள்ளும் அது இருந்தது. தேதியைப் பார்த்தான். இரண்டு வருடத்துக்கு முந்தையது. அப்பாவின் நெஞ்சுப் படத்தை டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் காட்டிய மாதம்.

கம்ப்யூட்டரையே அணைத்துவிட்டான். எட்டு மணிக்கு அக்கா போனில் வந்தபோது எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் நினைத்தான்.

"அப்பா எப்படிடா இருக்காரு?"

"இருக்காருக்கா."

"உன் குரலே சரியில்லையே. சாப்டியா?"

"சாப்டேன். அக்கா, அப்பா மேல பாத்துப் பாத்துப் பேசுறாரு."

"ஆக்ஸிஜன் கொறஞ்சா அப்படித்தான்டா புத்தி தடுமாறும்னு டாக்டர் சொல்லியிருக்காருல்ல. நான் ஞாயித்துக்கிழமை ராத்திரி பஸ் ஏறிடுறேன். நீ அதுவரைக்கும் சமாளி."

காலையில் அவன் எழுந்தபோது, அணைத்த கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. பயணி மூன்று, மேலே 1.20 என்றிருந்தது. வெள்ளி மாலை 0.90. சனிக்கிழமை அவன் விடுப்புச் சொல்லிவிட்டு அப்பா பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். கூரைக்கும் கட்டிலுக்கும் நடுவிலிருந்த வெறும் காற்றில் கையை வீசி வீசிப் பார்த்தான். ஒரே ஒரு இடத்தில், அப்பாவின் முகத்துக்கு நேர் மேலே, விரல்நுனி ஈரமாயிற்று. கண்ணாடியில் மூச்சு விட்டால் படிகிற ஈரம்.

ஞாயிற்றுக்கிழமை நர்சம்மாவுக்கு விடுமுறை. காலையிலிருந்தே மழை. மூன்று மணிக்கெல்லாம் வீடு சாம்பல் நிறமாகிவிட்டது, விளக்குப் போட்டாலும் வெளிச்சம் மூலைவரை போகாமல் நடுவிலேயே நின்றது. நான்கு மணிக்கு அப்பாவின் விரலில் மாட்டியிருந்த கிளிப்பில் எண் எண்பத்தெட்டு ஆயிற்று. தொண்ணூறுக்குக் கீழே போனால் உடனே கூப்பிடுங்கள் என்று நர்சம்மா ஆயிரம் முறை சொல்லியிருந்தார். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான். தண்ணீர் தேங்கியிருக்கிறது, இருபது நிமிடமாகும் என்றார்கள்.

"அப்பா, வந்துடுவாங்க. மெதுவா இழுங்க. மெதுவா."

அப்பா அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எண்பத்தைந்து.

அப்போது முன் அறையில் அலாரம் அடிக்க ஆரம்பித்தது. ஸ்பீக்கர் இல்லாத கம்ப்யூட்டர், ஹெட்போன் மேஜைமேல் கிடந்தது, ஆனாலும் வீடு முழுக்க அந்தச் சத்தம் நிறைந்தது. அப்பா முகத்தைச் சுளித்தார். "அத நிறுத்துடா," என்று உதடு மட்டும் அசைந்தது.

"இதோ வந்துட்டேன்," என்று விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு ஓடினான்.

பவர் பொத்தானை அழுத்திப் பிடித்தான். அணையவில்லை. குனிந்து மேஜைக்கடியில் போனான். கரண்ட் போனாலும் அப்பாவின் மெஷின் நிற்கக்கூடாது என்று அவன் வாங்கிப் போட்ட பெரிய பேட்டரிப் பெட்டி அங்கேதான் இருந்தது. கம்ப்யூட்டரும் அதில்தான், பின் அறை மெஷினும் அதில்தான். நான்கு கறுப்பு ஒயர்கள் தூசியில் பின்னிக் கிடந்தன. எது எதற்கு? ஊர் முழுக்க ஒயருக்குச் சீட்டு ஒட்டுகிறவன் சொந்த வீட்டில் ஒட்டவில்லை. ஒன்றைப் பிடித்தான், விட்டான். இன்னொன்றைப் பிடித்தான். தப்பான ஒயரை இழுத்தால் அப்பா.

எதையும் இழுக்காமல் எழுந்தான். திரை முழுக்கச் சிவப்பு.

காற்று போதாது. முன் அறையைக் காப்பாற்றப் பின் அறைக் கதவை மூட வேண்டும். மூடவா?

இல்லை என்பதை அழுத்தினான். கேள்வி போய், மறுபடி வந்தது. இல்லை. மறுபடி வந்தது. அவனுக்கே மூச்சு முட்டியது. வாயைத் திறந்து இழுத்தான், உள்ளே எதுவும் வரவில்லை, நெஞ்சுக்கூடு வெறுமனே மேலும் கீழும் போய் வந்தது. கண் ஓரத்தில் கறுப்புப் பூச்சிகள் பறந்தன.

பின் அறையில் அப்பாவின் விசில். தயக்கம். சளி.

அதற்கு மேலே இன்னொரு மூச்சு. நீண்டு, நனைந்து, அவசரமில்லாமல்.

அது நகர்ந்தது.

கூரையோடு கூரையாக. பின் அறையிலிருந்து. வாசல் நிலையின் மேல்விளிம்பு வரை. அங்கே நின்றது. ஈரச் சுண்ணாம்பு வாசனை வந்தது. பிறகு நிலையைத் தாண்டி இந்தப் பக்கம் ஏதோ உரசுகிற சத்தம்.

மூடவா?

வராமல் தடுக்க வேண்டும். அது ஒன்றுதான் மனதில் இருந்தது. வராமல். இங்கே வராமல்.

ஆம் என்பதை அழுத்தினான்.

பின் அறைக் கதவு அவன் முதுகுக்குப் பின்னால் அறைந்து மூடிக்கொண்டது.

அலாரம் நின்றது. காற்று அவன் நெஞ்சுக்குள் வெள்ளம் போலப் பாய்ந்தது. ஒரு மூச்சு, இரண்டு மூச்சு. சாகக் கிடந்தவன் தண்ணீர் குடிப்பது போல, கண்ணில் நீர் வழிய, ஆனந்தமாகக் குடித்தான். மூன்றாவது மூச்சில்தான் தான் என்ன செய்தோம் என்பது உறைத்தது.

"அப்பா!"

கைப்பிடியை இழுத்தான். திரும்பவில்லை. தோளால் இடித்தான், உதைத்தான். எத்தனையோ லிஃப்ட் கதவுகளை வெறுங்கையால் பிளந்து ஆட்களை வெளியே எடுத்தவன், இந்த ஒற்றைப் பலகைக் கதவுக்கு முன்னால் குழந்தையைப் போல அறைந்துகொண்டு நின்றான். மரத்தில் காதை வைத்தால் மெஷின் முனகல் கேட்கவில்லை. விசில் மட்டும். தயக்கம். தயக்கம் நீண்டது. விசில். பிறகு மறுபக்கத்திலிருந்து கதவின் கீழ்ப்பகுதியில், தரையோடு தரையாக, நகத்தால் பிராண்டுகிற மெல்லிய சத்தம். அப்பா ஒரு வருடமாகத் தானாகக் கட்டிலைவிட்டு இறங்கியதில்லை.

"அப்பா, தள்ளிக்குங்க, உடைக்கிறேன், தள்ளிக்குங்கப்பா..."

சத்தம் நின்றது.

ஆம்புலன்ஸ் ஆட்கள் இருவர் வந்தார்கள். முன்னால் வந்தவர் கைப்பிடியைத் திருகித் தள்ளினார். கதவு எண்ணெய் போட்டது போலத் திறந்தது. மெஷின் முனகிக்கொண்டிருந்தது. அப்பா கட்டிலில்தான் படுத்திருந்தார், போர்வை தாடைவரை இழுத்துவிடப்பட்டிருந்தது. ஆனால் வலது கை விரல்நகங்களுக்குள் மரச் சிம்புகள்.

"கட்டில் சட்டத்தப் பிராண்டியிருப்பாரு," என்றார் வந்தவர், அவன் தோளைத் தட்டி. "மூச்சுத் திணறுனா அப்படித்தான் சார் கையக் கால அடிச்சுக்குவாங்க."

அக்கா வந்தாள், அழுதாள், எல்லாம் முடிந்தது. வந்தவர்களெல்லாம் அவனைக் கட்டிப்பிடித்து, உன்னைப் போல ஒரு பிள்ளை யாருக்குக் கிடைப்பான் என்றார்கள். கம்ப்யூட்டரின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டு மூடியிருந்தான். துணிக்கடியில் விசிறி ஓடுகிற சத்தம் ஓயவேயில்லை. அந்த வீட்டில் மூச்சு மட்டும் தாராளமாக வந்தது. அதுதான் அவனுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

நான்காம் நாள் மதியம் அக்கா ஆக்ஸிஜன் மெஷினைத் திருப்பிக் கொடுக்கக் கிளம்பினாள். அவன்தான் அதைத் தூக்கிக்கொண்டு போய் வண்டியில் ஏற்றினான்.

"நான் ஒரு மணி நேரத்துல வந்துடுவேன்," என்றாள் வண்டியிலிருந்து. "நீ துணிமணிய எடுத்து வை. சாயங்காலம் என்கூட வர்ற. இந்த வீட்ல ஒரு நாள்கூட நீ தனியா இருக்கக் கூடாது."

"அக்கா..."

"என்னடா?"

கதவை நான்தான் மூடினேன் என்று சொல்ல வாயெடுத்தான். "பாத்துப் போ," என்றான்.

வீட்டுக்குள் திரும்பி வந்து, போவதற்கு முன் அந்தக் கம்ப்யூட்டரைக் கழற்றி டிஸ்க்கை உடைத்துவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரை எடுத்தான். துணியை விலக்கி நாற்காலியில் உட்கார்ந்தான். ஆறு நாள் பயணம் எப்போதோ முடிந்திருக்க வேண்டும், ஆனாலும் திரையில் கலம் போய்க்கொண்டிருந்தது. ஒருமுறை, ஒரே ஒருமுறை, அந்த நிமிடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. அதை இந்தக் கதவுக்குப் பின்னால் வைத்துத்தான் மூடினேனா? அது மட்டும் தெரிந்தால் போதும். அப்பாவைக் கொடுத்து அதையாவது அடைத்தேன் என்றாவது இருக்கட்டும்.

ஞாயிறு, மாலை நான்கு பதினேழு. கதவு மூடிய நொடியில் தானாகச் சேமித்த கோப்பு.

பயணி மூன்று. எடை 0. பின்னால் 0.20, இடது 0, மேலே 0.40.

இரண்டு முறை படித்தான். பின்னால் இருபது சென்டிமீட்டர். அவன் நாற்காலியின் முதுகை ஒட்டி. மேலே நாற்பது.

அழுத்துவதற்கு முன்பே அது இந்தப் பக்கம் வந்துவிட்டிருந்தது.

அவன் அடைத்துவைத்தது அப்பாவை மட்டும்தான்.

கை தானாகக் கடைசிக் கோப்பைத் திறந்தது. இன்றைய தேதி. ஒரு நிமிடத்துக்கு முந்தையது. பயணிகள்: மூன்று.

பயணி இரண்டு. எடை 43. பின் அறை. காற்று 0. இதயத்துடிப்பு 96.

மூடிய அறையில். காற்றே இல்லாமல். நான்கு நாளாக.

பின்னால் 2.80 என்று எழுதியிருந்தது. கட்டில் இல்லை. கதவு.

பின் அறைக் கதவை அவன் திறந்துதான் வைத்திருந்தான். நன்றாக நினைவிருந்தது. மெஷினைத் தூக்கிக்கொண்டு அதன் வழியாகத்தான் வந்தான். இப்போது அது மூடியிருந்தது என்பதை, திரும்பிப் பார்க்காமலே, அறையின் சத்தம் மாறியிருந்ததில் தெரிந்துகொண்டான். அந்தப் பக்கம் மெஷின் இல்லை. ஆனால் விசில். தயக்கம். சளி.

"டேய்." மரத்துக்குப் பின்னால் குரல் நைந்திருந்தது. "தொறடா. மூச்சு முட்டுதுடா."

திரையில் கேள்வி வந்து நின்றது. பின் அறைக் கதவைத் திறக்கவா?

திறக்கத்தான் கை போனது. போன கை பாதியில் நின்றது. உச்சந்தலையில் முடி லேசாக அசைந்தது. ஜன்னல் மூடியிருந்தது. மறுபடி அசைந்தது, சீராக, இழுத்து விடுகிற தாளத்தில். கழுத்தில் ஒரு சொட்டு ஈரம் விழுந்து முதுகுக்குள் இறங்கியது.

திரும்பக் கூடாது.

திரும்பாமல் பார்க்க ஒரு வழி இருந்தது. வெளிக் கேமராவுக்கு மாற்றும் விசையை அழுத்தினான். கறுப்பு வானத்தில் கலம் மெல்ல உருண்டுகொண்டிருந்தது. பின் அறையின் வட்டக் கண்ணாடியில் உள்ளேயிருந்து ஒரு வயதான உள்ளங்கை ஒட்டியிருந்தது. கலம் உருண்டது. முன் அறையின் ஜன்னல் மெதுவாகப் பார்வைக்கு வந்தது. உள்ளே விளக்கு எரிந்தது. நாற்காலியில் ஒருவன் திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான், அவன் போட்டிருந்த அதே நீலச் சட்டை. அவனுக்கு மேலே, கூரையிலிருந்து தலைகீழாக, நீளமான வெளிறிய ஏதோ ஒன்று தொங்கிக்கொண்டு, தாய் குழந்தையை முகர்வது போல அவன் முடிக்குள் முகத்தைப் புதைத்திருந்தது.

"தொறடா," என்றார் அப்பா.

அவன் மூச்சை அடக்கிக்கொண்டான். திரையில் உட்கார்ந்திருந்தவனின் தோள்களும் அசையாமல் நின்றன. கலம் இன்னும் கொஞ்சம் உருண்டது. ஜன்னல் நேராக வந்தது.

நாற்காலியில் இருந்தவன் திரும்பவில்லை. மேலே தொங்கியது முகத்தை நிமிர்த்தி, கேமராவைப் பார்த்தது.